நல்ல வாசனை வருதுன்னு பாம்புப் பெட்டியில செடார் சீவல் போட்டேன், அது தப்பா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்கு சொந்த ஊர் திருச்சி, இப்ப டொரான்டோல ஸ்கார்பரோ பக்கம் இருக்கோம். பையனுக்கு 13 வயசு. ரெண்டு வருஷமா கெஞ்சிக் கேட்டான்னு போன செப்டம்பர்ல பால் பைத்தான்னு (பந்து மாதிரி சுருண்டுக்கற சின்ன வகை ஆப்பிரிக்க மலைப்பாம்பு) ஒரு குட்டி வாங்கிக் கொடுத்தோம். பெட்டிக்கு அடியில விரிக்கக் கடையில குடுத்த பேப்பர் பெட்டிங் தீர்ந்து போச்சு, பெட்டியும் லேசா நாத்தம் அடிச்சுது, அதனால நாய் மெத்தைக்குள்ள அடைக்கிற செடார் மரச்சீவல் ஒரு பை வாங்கிட்டு வந்து போட்டேன். ரூமே கமகமன்னு இருந்துச்சு. அது ஆச்சு மூணு வாரம். இப்ப ரெண்டு தடவையா எலி வச்சா தொட மாட்டேங்குது, தோல் முழுசா உரியாம துண்டு துண்டா ஒட்டிக்கிட்டு நிக்குது, ராத்திரி பக்கத்துல போனா க்ளிக் க்ளிக்னு ஒரு சத்தம் கேக்குது. மாமியார் ஆத்து மணல் போடு, பாம்பு மண்ணுல தானே கிடக்கும்ங்கறாங்க. வீட்டுக்காரர் நியூஸ்பேப்பர் போதும்ங்கறார். பையன் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள் தான் வேணும்னு அடம் பிடிக்கிறான். யார் சொல்றத கேக்கறது டாக்டர்?

பதில்: வணக்கம் சகோதரி. எதைப் போடறதுங்கறத பிறகு பேசலாம், முதல்ல எழுந்து போய் அந்தக் குட்டிய அந்தப் பெட்டிய விட்டு வெளிய எடுங்க. மூடி போட்ட பிளாஸ்டிக் டப் ஒண்ணு வீட்டுல இருக்கும், துணி மடிச்சு வைப்போமே அந்த மாதிரி, அதுல பக்கவாட்டுல காத்து போக நாலஞ்சு ஓட்டை போட்டு, கீழ கிச்சன் பேப்பர் டவல் ரெண்டு மடிப்பு விரிச்சு, தண்ணிக் கிண்ணமும் ஒளிஞ்சிக்க ஒரு அட்டைப்பெட்டியும் வச்சு, உள்ள விட்டுடுங்க. டப்போட ஒரு பக்கத்துக்கு அடியில சூட்ட கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் போட்ட ஹீட் மேட் இருக்கட்டும். செடார் மொத்தத்தையும் பையில கட்டி வெளிய வச்சுடுங்க, ஒரு கைப்பிடி மட்டும் ஜிப் கவர்ல எடுத்து வைங்க, டாக்டர்கிட்ட காட்ட உதவும். அடுத்து ஊர்வன பாக்கற வெட்டினரி கிளினிக்குக்கு போன் போட்டு நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் கேளுங்க. மூச்சுல சத்தம் வருதுன்னா அது நுரையீரல் சமாச்சாரமா இருக்கலாம், சாப்பாடு வேற விட்டிருக்கு, நாலு நாள் பாக்கலாம்னு இருக்காதீங்க.

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடறேன், ஏன்னா நம்ம வீடுகள்ல இது தானா வர்ற பழக்கம். சளி தானேன்னு விக்ஸ், நீலகிரித் தைலம், கற்பூரம்னு எதையும் அந்த டப் பக்கம் கொண்டு போயிடாதீங்க. ஒரு தடவை ஒருத்தர் தன்னோட பாம்புக்கு மூச்சுத் திணறுதுன்னு டப்பாவுக்குள்ள ரெண்டு சொட்டு தைலம் விட்டு மூடி வச்சு எடுத்துட்டு வந்தார், அக்கறையில தான் செஞ்சார். என் டேபிள்ல அது தலையையும் கழுத்தையும் நேரா மேல தூக்கி வாயைத் திறந்து வச்சுக்கிட்டு கிடந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கு ஓட்டையில குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குமிழி வரும், உடையும், திரும்ப வரும். தலைய ஏன் மேல தூக்குதுன்னா அப்படி வச்சா தான் தொண்டையில நிக்கிற சளிக்கு நடுவுல கொஞ்சம் காத்து உள்ள போகும். உங்க குட்டி இப்படி தலைய மேல தூக்கிட்டு இருந்தா நாளைக்கு வரைக்கும் காத்திருக்க வேணாம், எமர்ஜென்சிக்கே போயிடுங்க.

நமக்கு இருமல்னு ஒண்ணு இருக்கறது எவ்வளவு பெரிய வரம்னு பாம்புக்கு வைத்தியம் பாத்தா தான் புரியும். நுரையீரலுக்குக் கீழ நமக்கு இருக்குற உதரவிதானம் பாம்புக்கு கிடையாது, நம்மள மாதிரி இழுத்து இருமி சளிய வெளிய தள்ள முடியாது. முக்கால்வாசி பாம்பு வகைகளுக்கு வலது நுரையீரல் ஒண்ணு தான் உருப்படியா இருக்கும், பைத்தானுக்கு இடதும் உண்டு, ஆனா சின்னது. அந்த நீளமான பைக்குள்ள ஒரு தடவை சளி இறங்கிட்டா அங்கயே தேங்கி நிக்கும். இதோட இன்னொண்ணையும் சேத்துப் பாருங்க. நாம செடார் வாசனைய ரூம்ல நின்னு மோந்துட்டு போயிடறோம், பாம்பு 24 மணி நேரமும் மூக்க அதுலயே புதைச்சு வச்சுக்கிட்டு கிடக்குது, அதுவும் மூடின பெட்டிக்குள்ள, அடியில ஹீட் மேட் வேற சூடு பண்ணிக்கிட்டே இருக்கு. சூடு ஏற ஏற மரத்துல இருந்து எண்ணெய் ஆவியா கிளம்பிட்டே தான் இருக்கும்.

அந்த வாசனை என்னன்னு கேட்டீங்கன்னா, மரம் தன்னை பூச்சி அரிக்காம பாத்துக்க வச்சிருக்கிற எண்ணெய் அது. இங்க துணி அலமாரியில அந்துப்பூச்சி வராம இருக்க செடார் பலகை வைக்கிறாங்களே, அதே சரக்கு தான். பூச்சிய விரட்டற ஒண்ணு பாம்புக்கு மட்டும் நல்லது செய்யும்னு எதிர்பாக்க முடியாது இல்லையா. பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் மேற்கத்திய சிவப்பு செடார் அறுக்குற மில்லுல வேலை செய்யறவங்களுக்கு அந்தத் தூள்ல இருக்குற பிளிகாடிக் ஆசிட்னால ஆஸ்துமா வர்றது பல வருஷமா தெரிஞ்ச விஷயம், அது மனுஷனுக்கே. லேப் எலிகள்ல 1967லயே இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க. செடார் சீவல் மேல வளத்த எலிகளுக்கு தூக்க மருந்து போட்டா, மத்த எலிகள விட சீக்கிரமே முழிச்சுக்கிச்சு. என்னடான்னு பாத்தா அந்த வாசனைய சுவாசிச்சு சுவாசிச்சே அதுங்களோட கல்லீரல் ஓவர்டைம் பாத்து, உள்ள போற மருந்தையெல்லாம் வேகவேகமா உடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. எலிக்கே அப்படின்னா, உடம்பு வேலையெல்லாம் மெதுவா நடக்குற ஒரு குட்டிப் பாம்பு அந்த ஆவிய நாள் முழுக்க இழுத்துக்கிட்டு கிடக்கறத நினைச்சுப் பாருங்க.

அதனால செடார் எந்தப் பாம்புக்கும் வேணாம், கொஞ்சம் கலந்து போடறதும் வேணாம், மேல ஒரு அடுக்கா போடறதும் வேணாம். பைன் சீவலும் கிட்டத்தட்ட அதே குடும்பம் தான், சூளையில காயவச்ச பைன்ல எண்ணெய் நிறைய போயிடும்னு சொல்லி சில பேர் வருஷக்கணக்கா போட்டு வளக்கறாங்க, அவங்க பாம்பும் நல்லா தான் இருக்கு, அதை நான் மறுக்கல. ஆனா பைய பிரிச்சு மோந்து பாத்து வாசனை வந்தா நான் திருப்பிக் குடுத்துடுவேன், பக்கத்து ஷெல்ஃபுலயே வாசனை இல்லாதது கிடைக்கும்போது எதுக்கு அந்த ரிஸ்க்.

ஒரு விஷயம் நியாயமா சொல்லணும். உங்க குட்டிக்கு மூச்சு சத்தம் வந்ததுக்கு செடார் மட்டும் தான் காரணம்னு நான் இங்க உக்காந்துக்கிட்டு சத்தியம் பண்ண முடியாது. தோல் ஒட்டிக்கிட்டு நிக்கறப்ப மூக்கு ஓட்டையில காஞ்ச தோல் அடைச்சிருந்தா கூட க்ளிக் சத்தம் வரும். பால் பைத்தான்கள்ல நைடோவைரஸ்னு ஒரு நுரையீரல் வைரஸ் இருக்கு, 2014ல தான் முதல் தடவையா அதைப் பத்தி எழுதுனாங்க, கடையிலயே அது ஒட்டியிருந்திருக்கலாம். டாக்டர் வாய்க்குள்ள பஞ்சுக் குச்சி விட்டு சாம்பிள் எடுக்கணும்னா எடுக்க விடுங்க. ஆன்டிபயாடிக் ஊசி குடுத்தா மூணு நாளைக்கு ஒண்ணுன்னு சில வாரம் இழுக்கும், பாதியில சத்தம் நின்னுடுச்சுன்னு நிறுத்தக்கூடாது. போன வருஷம் உங்க வீட்டுல யாருக்கோ வாங்கி மிச்சம் இருக்குற மாத்திரைய பொடிச்சு குடுக்கறதெல்லாம் கனவுலயும் வேணாம்.

இப்ப உங்க வீட்டுச் சண்டைக்கு வர்றேன். சொல்லப்போனா மூணு பேர்ல ரெண்டு பேர் சொல்றது சரி, எப்ப சரிங்கறது தான் வேற வேற.

உங்க வீட்டுக்காரர் சொன்ன பேப்பர் இப்போதைக்கு சரி. உடம்பு சரியில்லாத பாம்பு, கடையில இருந்து அன்னைக்கு தான் வந்த பாம்பு, உண்ணி புடிச்ச பாம்பு, இதுங்களுக்கெல்லாம் வெறும் வெள்ளை பேப்பர் டவல் தான் நான் போடச் சொல்றது. பாக்க அழகா இருக்காது, ஆனா அதுல எதுவும் மறையாது. வாயில இருந்து சளி ஒழுகியிருக்கா, மலம் எப்படி இருக்கு, அதோட வர்ற வெள்ளை சுண்ணாம்பு மாதிரி இருக்கறது யூரிக் ஆசிட், அது வெள்ளையா இருக்கா பச்சை பாஞ்சிருக்கா, எல்லாம் பளிச்சுனு தெரியும். பாம்பு உண்ணி கறுப்பா மிளகுப் பொடி தூவின மாதிரி நகரும், மரச்சீவல்ல அதை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, பேப்பர்ல ஒரே பார்வையில தெரிஞ்சிடும். நியூஸ்பேப்பரும் போடலாம், டவல் அளவுக்கு உறிஞ்சாது, அவ்வளவு தான். வைத்தியம் முடியற வரைக்கும் பேப்பர், தினமும் மாத்தணும்.

பேப்பர்ல ஒரு குறை இருக்கு, ஈரத்தைப் பிடிச்சு வைக்காது. உங்க குட்டிக்கு தோல் துண்டு துண்டா உரியறதுக்கு என் அனுபவத்துல பெரிய காரணம் அது தான், காஞ்ச காத்து. ஸ்கார்பரோல ஜனவரியில வெளிய மைனஸ்ல இருக்கும், உள்ள வீட்டைச் சூடாக்கற ஃபர்னஸ் ராப்பகலா ஓடும், உங்களுக்கே உதடு வெடிச்சிருக்கும், கதவுக் குமிழைத் தொட்டா சுர்ருன்னு ஷாக் அடிக்கும். அந்த மாதிரி வீட்டுல காத்துல ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழ இறங்கிடும். பால் பைத்தானுக்கு வேண்டியது 60க்கு மேல, தோல் உரிக்கிற சமயத்துல 70 இருந்தா நல்லது. இதோட சொந்த ஊர் மேற்கு, நடு ஆப்பிரிக்கா, கானா, டோகோ, பெனின் பக்கம். அங்க பகல்ல எலி வளையிலயும் கரையான் புத்துக்குள்ளயும் போய் படுத்துக்கும். மேல வெயில் கொளுத்தினாலும் வளைக்குள்ள மண்ணு ஈரமா, காத்து கனமா இருக்கும். நம்ம ஊர்ல பாம்பு புத்துக்குள்ள ஏன் போகுதுன்னு நினைக்கிறீங்க, அதே கதை தான்.

அதனால பேப்பர்ல இருக்குற நாள் வரைக்கும் ஒரு ஈர அறை செஞ்சு குடுங்க. ஐஸ்கிரீம் டப்பா ஒண்ணு எடுத்து பாம்பு உடம்ப விட ஒண்ணரை மடங்கு அகலத்துக்கு மூடியில ஒரு ஓட்டை போட்டு, ஓட்டை விளிம்ப உப்புத்தாள் வச்சு தேச்சு மழுங்க வச்சிடுங்க, உள்ள ஸ்ஃபாக்னம் பாசி நனைச்சு நல்லா பிழிஞ்சு வைங்க, பாசி கிடைக்கலன்னா நனைச்ச பேப்பர் டவலும் ஓகே. அதுவே தேடி உள்ள போய் சுருண்டுக்கும். ஒட்டிக்கிட்டு இருக்குற தோல நகத்தால உரிக்காதீங்க, முக்கியமா கண்ணு மேல இருக்கறத. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணு மேல கண்ணாடி மாதிரி ஒரு செதில் தான், அது பழசுன்னு நினைச்சு இழுத்து புதுசையும் சேத்துப் பிச்சு, கண்ணே போன பாம்புகள பாத்திருக்கேன்.

உடம்பு தேறினதுக்கு அப்புறம் உங்க பையன் ஜெயிக்கிறான். கோகோபீட் தான் என் முதல் சாய்ஸ். பொள்ளாச்சி பக்கம் தேங்காய் உரிச்சு நார் எடுத்தது போக மிஞ்சற தூள், ஒரு காலத்துல ரோட்டோரம் மலையா குவிச்சு வச்சிருப்பாங்க, இப்ப அத கட்டியா அமுக்கி கப்பல்ல ஏத்துறாங்க, இங்க டொரான்டோ பெட் கடையில செங்கல் மாதிரி அடுக்கி வச்சிருக்காங்க. வாங்கும்போது ஊர்வனவுக்குன்னு போட்டிருக்கறதா, கழுவி உப்பு நீக்கினதான்னு பாருங்க, செடிக்குன்னு உரம் கலந்தது வேணாம். 650 கிராம் கட்டி ஒண்ணு தண்ணி குடிச்சு எட்டு ஒம்போது லிட்டர் ஆயிடும், அதனால பக்கெட் பெருசா எடுங்க. வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி உதிர விடுங்க, ஒரேயடியா ஊத்தினா சேறு.

பதம் எப்படின்னு எல்லாரும் கேப்பாங்க, நான் புட்டு பதம்னு தான் சொல்றது. புட்டுக்கு மாவு பிசிறுவோமே, கையில அள்ளி இறுக்கிப் பிடிச்சா பிடி நிக்கணும், விரலால தட்டினா பொலபொலன்னு உதிரணும், விரல் இடுக்குல ஒரு சொட்டு தண்ணி கூட இறங்கக்கூடாது. இறங்கினா ஈரம் ஜாஸ்தி, நியூஸ்பேப்பர்ல பரப்பி ஒரு ராத்திரி ஆற விடுங்க. இதை நான் ரொம்ப அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஈரப்பதம் வேணும்னு கேள்விப்பட்டு தினமும் மேலாப்புல தண்ணி தெளிச்சு தெளிச்சு, பாம்பு நாள் முழுக்க ஈரத்துலயே வயிறு பட கிடந்து, வயித்துச் செதில்ல செக்கச்செவேல்னு புள்ளி வந்து, கொப்புளமாகி, அழுகிப் போய் வர்ற கேஸ் நிறைய. வேண்டியது காத்துல ஈரம், வயித்துக்குக் கீழ இல்ல. அதுக்கு ஒரு எளிய வழி, மூணு நாலு இஞ்ச் கனத்துக்கு பெட்டிங் போட்டுட்டு, பெட்டியோட நாலு மூலையில மட்டும் அரை டம்ளர் தண்ணிய மெதுவா ஊத்துங்க. அது அடியில போய் பரவும், மேல் ஒரு இஞ்ச் காஞ்சே இருக்கும், சூட்டுக்கு அடி ஈரம் மெல்ல மெல்ல மேல வரும். மேல வலை மூடின்னா முக்கால்வாசிய அலுமினியம் ஃபாயில் வச்சு மறைச்சிடுங்க, லைட் வச்சிருக்கிற இடத்தை விட்டுட்டு, இல்லன்னா ஊத்தின தண்ணியெல்லாம் உங்க ஃபர்னஸுக்கு தான் போகும். காத்துல ஈரப்பதம் எவ்வளவுன்னு காட்டற டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒண்ணு பத்துப் பதினஞ்சு டாலர்ல வரும், முள்ளு வச்சத நம்பாதீங்க.

வெறும் கோகோபீட் காஞ்சா தூசி பறக்கும், அதுவும் மூச்சுக்கு ஆகாது. நான் பாதிக்குப் பாதி தேங்காய் மட்டைய சின்ன சின்ன துண்டா வெட்டி வர்ற சிப்ஸ் கலக்கச் சொல்லுவேன், தூசியும் அடங்கும், சீக்கிரம் பூஞ்சையும் புடிக்காது. சைப்ரஸ் மரத்தைத் துருவின மல்ச், ஃபிர் மரப்பட்டை, இதுவும் பால் பைத்தானுக்கு நல்லா ஒத்துக்கும். தோட்டத்துக்குன்னு விக்கற மல்ச் மூட்டைய மட்டும் மலிவா இருக்குன்னு வாங்கிடாதீங்க, அதுல சாயம் இருக்கும், என்ன மரம்னே தெரியாத கலவையா இருக்கும், செடாரே கூட இருக்கும்.

ஆஸ்பென் சீவல்னு ஒண்ணு எல்லாரும் சொல்லுவாங்க. நல்ல சரக்கு, எண்ணெய் கிடையாது, வாசனை கிடையாது, தூசி கம்மி, உள்ள புகுந்து சுரங்கம் பண்ணினா அப்படியே நிக்கும். ஆனா அது கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், ஹாக்நோஸ் மாதிரி கொஞ்சம் உலர்ந்த இடம் கேக்குற பாம்புக்கு. 60 சதவீத ஈரத்துல ஆஸ்பென் போட்டீங்கன்னா நாலஞ்சு நாள்ல வெள்ளை வெள்ளையா பூஞ்சை கட்டிடும், அந்தப் பூஞ்சை நேரா அதே நுரையீரலுக்கு. எந்த பெட்டிங் நல்லதுன்னு கேட்டு எனக்கு தினமும் மெசேஜ் வருது, நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி எந்தப் பாம்புங்கறது தான்.

மாமியார் சொன்ன மணல். அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அவங்க பாத்து வளந்தது நம்ம ஊர் பாம்பு. நான் வேப்பேரி வெட்டினரி காலேஜ்ல படிக்கிறப்ப மாமல்லபுரம் போற வழியில வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்துக்கு போயிருக்கேன், 1978ல ஆரம்பிச்ச கூட்டுறவு சங்கம் அது, விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுக்கறவங்க. அங்க மண்பானையில மணல் போட்டு, வாய்க்கு துணி கட்டி பாம்ப வச்சிருப்பாங்க. பானை குளுகுளுன்னு இருக்கும், கொஞ்ச வாரம் தான் வச்சிருப்பாங்க, அப்புறம் காட்டுல விட்டுடுவாங்க. சுருட்டை விரியன் மாதிரி காஞ்ச மணல் பூமியில பொறந்த பாம்புக்கு அது சொந்த வீடு. இந்த ஆப்பிரிக்கக் குட்டி பெட்டிக்குள்ள 20, 30 வருஷம் வாழப் போகுது. மணல் ஈரத்தை வச்சுக்காது, ஹீட் மேட் மேல கொதிக்கும், செதில் இடுக்குலயும் வாய் ஓரத்துலயும் போய் அறுக்கும், ஈர எலியோட ஒட்டி வயித்துக்குள்ள போனா குடல்ல கட்டி நிக்கும். கலர் கலரா கால்சியம் மணல்னு பெட் கடையில இருக்கும், அது இன்னும் மோசம், ஈரம் பட்டா கட்டியாகும். மாமியார்கிட்ட இது வேற ஊர் பாம்பு, புத்து ஈரம் கேக்குதுன்னு சொல்லுங்க, அவங்களுக்கு டக்குனு புரியும்.

நெல் உமி, வால்நட் ஓட்டுத் தூள், மக்காச்சோளத் தக்கை, பூனை மணல், ஆசாரி கடை மரத்தூள், இதெல்லாம் வேணாம், ஒண்ணு குத்தும், இல்ல வயித்துல அடைக்கும், இல்ல என்ன மரம்னே தெரியாது. தோட்டத்து மண்ணுல என்ன மருந்து அடிச்சிருக்காங்களோ.

சாப்பாடு வைக்கிறப்ப பெட்டிங் உள்ள போயிடுமோன்னு பையன் பயப்படுவான். ஃப்ரீசர்ல இருந்து எடுத்து ஐஸ் விட வச்ச எலிய டிஷ்யூல ஒத்தி ஈரத்தை எடுத்துட்டு, இடுக்கியில பிடிச்சு ஒரு தட்டு மேல காட்டச் சொல்லுங்க, ஈரமில்லாத எலி மேல எதுவும் ஒட்டாது. ஒண்ணு ரெண்டு நார் உள்ள போனா கவலையில்ல, சூடும் தண்ணியும் சரியா இருக்குற பாம்பு அத வெளிய தள்ளிடும். சாப்பாட்டுக்குன்னு வேற டப்பாவுக்கு மாத்தி, தின்னதும் திரும்ப தூக்கிட்டு வர்றது தான் தப்பு, அலைக்கழிச்சா கக்கிடும். இப்ப உடம்பு சரியில்லாதப்ப எலியே வைக்காதீங்க, டாக்டர் சொன்னதும் வைக்கலாம்.

ஹீட் மேட் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா பெட்டிங் கனமானா அதோட கணக்கு மாறுது. மேட் பெட்டிக்கு வெளிய, அடியில தான் ஒட்டணும். நாலு இஞ்ச் கோகோபீட் போட்டீங்கன்னா சூடு மேல வராது, அடியிலயே தங்கும். மேல குளிருதேன்னு பாம்பு தோண்டிக்கிட்டு கீழ போய் கண்ணாடி மேல படுக்கும், வயிறு வெந்து போறது கூட அதுக்கு சட்டுனு உறைக்காது. மேட் இருக்குற பக்கம் மட்டும் பெட்டிங்க ஒரு இஞ்சுக்குள்ள வைங்க, தெர்மோஸ்டாட்டோட ப்ரோப், அதாவது சூடு அளக்கற முனை, பாம்பு படுக்கற இடத்து சூட்ட பாக்கற மாதிரி இருக்கட்டும், சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளுமையான பக்கம் 25, 26. மேல இருந்து சூடு குடுக்குற ஹீட்டர் வாங்க முடிஞ்சா கனமான பெட்டிங்குக்கு அது தான் இன்னும் வசதி.

கடைசியா நாத்தம், உங்க கதை ஆரம்பிச்ச இடம் அது தானே. சகோதரி, பாம்புப் பெட்டி சரியா இருந்தா எந்த வாசனையும் வராது, மழை பெஞ்ச மண்ணு மாதிரி லேசா ஒண்ணு வரும், அவ்வளவு தான். நாத்தம் வருதுன்னா எங்கயோ மலம் கிடக்கு, இல்ல ஈரம் ஜாஸ்தியாகி புளிக்குது. பாத்த அன்னைக்கே அந்த இடத்துல ஒரு கைப்பிடி பெட்டிங்கோட அள்ளி எறிஞ்சிடுங்க, மாசம் ஒரு தடவை இல்ல ஒண்ணரை மாசத்துக்கு ஒரு தடவை மொத்தத்தையும் மாத்துங்க. நம்ம வீட்டுல பினாயில் வாசனை வந்தா தான் கழுவின திருப்தி, எங்க அம்மாவும் அப்படித்தான், ஆனா பினாயில், டெட்டால் மாதிரி ஃபீனால் வகையும் சரி, பைன் எண்ணெய் கலந்த தரை லோஷனும் சரி, பாம்புக்கு விஷம், பூனைக்கும் ஆகாது. பாத்திரம் கழுவுற சோப்பு, வெந்நீர், அப்புறம் குளோர்ஹெக்சிடின்ங்கற கிருமிநாசினிக் கலவை, இல்லன்னா ஒரு பங்கு ப்ளீச்சுக்கு பத்து பங்கு தண்ணி கலந்து பத்து நிமிஷம் வச்சு, நல்லா அலசி, ப்ளீச் வாசனை துளியும் இல்லாம போற வரைக்கும் காய விடுங்க. சமையல் சிங்க்ல கழுவ வேணாம், சால்மோனெல்லா கிருமி ஊர்வனவோட குடல்ல சாதாரணமா இருக்கும், பாத்ரூம்ல தனி பக்கெட் வச்சுக்குங்க, பையன் கை கழுவாம சாப்பாட்டுல கை வைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடறப்ப அந்த ரூம் கதவ சாத்திடுங்க, ஊதுபத்தியும் ரூம் ஃப்ரெஷ்னரும் அங்க வேணாம், பக்கத்து அலமாரியில அந்துருண்டை இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க.

இத திருச்சியில இருக்குற சொந்தக்காரங்களும் படிப்பாங்க, அவங்களுக்காக ஒரு வரி. டொரான்டோல பால் பைத்தான் வச்சுக்கலாம், மூணு மீட்டருக்கு மேல வளர்ற பாம்புக்கும் விஷப்பாம்புக்கும் தான் நகரசபை தடை. இந்தியாவுல சாரையோ மலைப்பாம்போ நம்ம ஊர் பாம்பு எதையும் வீட்டுல வச்சா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டுப் பாம்பு வச்சிருந்தாலும் 2024ல வந்த விதிப்படி அரசாங்கத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணியாகணும்.

நாளைக்கு கிளினிக் போறப்ப குட்டிய தலையணை உறைக்குள்ள விட்டு உறையோட வாயைக் கட்டி, டப்புக்குள்ள வச்சு, கார் ஹீட்டர முன்னாடியே ஓட விட்டு சூடாக்கிட்டு அப்புறம் தூக்கிட்டுப் போங்க, பனியில நிறுத்தாதீங்க. அடுத்த தடவை தோல் உரிச்சதும் அத தூக்கி எறியாம பையன்கிட்ட குடுத்து ஜன்னல் வெளிச்சத்துல தலைப்பக்கம் விரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. கண்ணு இருக்குற இடத்துல சின்னதா, வட்டமா, கண்ணாடி மாதிரி ரெண்டு மூடி முழுசா இருக்கணும். ஓட்டையா இருந்தா மூடி இன்னும் பாம்பு கண்ணுலயே ஒட்டிட்டு இருக்குன்னு அர்த்தம், டாக்டருக்கு ஒரு போட்டோ அனுப்பிடுங்க, எனக்கும் ஒண்ணு அனுப்புங்க, நான் பாத்து சொல்றேன்.